யூகேஜி வகுப்பில் ‘கம்பெனி’ விளையாட்டு: படிப்பா, பொழுதுபோக்கா?

திருப்பூர்த் தந்தை:
என் மகளின் நர்சரிப் பள்ளியில், யூகேஜி வகுப்பின் ஒரு மூலையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் ‘பனியன் கம்பெனி’ நடத்துகிறார்கள். ஒரு பிள்ளை கட்டிங், ஒரு பிள்ளை செக்கிங், இன்னொரு பிள்ளை சனிக்கிழமை சம்பளம் போடும் முதலாளி. காலை நேரத்தின் பெரும்பகுதி இதிலேயே போகிறது. நானும் மனைவியும் கம்பெனியில் உழைத்துக் கட்டணம் கட்டுவது, பிள்ளை அங்கேயும் கம்பெனியையே பார்ப்பதற்கா? எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறவளுக்கு இதனால் என்ன பயன்?

காங்கேயம் அங்கன்வாடி டீச்சர்:
ஐயா, ஒரு நாள் அந்த மூலையில் அமர்ந்து பாருங்கள். செக்கிங் பார்க்கும் பிள்ளை ஓட்டை விழுந்த துணியைத் தனியே ஒதுக்குகிறது. பேக்கிங் பிள்ளை பத்துப் பத்தாகக் கட்டுகிறது. முதலாளி ஒரு சீட்டில் எதையோ கிறுக்கி, “உனக்கு இவ்வளவு” என்று நீட்டுகிறார். சொன்னதைக் குறித்து வைக்கத்தான் எழுத்து என்பது அந்தக் கிறுக்கலில்தான் பிள்ளைக்கு முதலில் பிடிபடுகிறது. ஒரு பொருளை வேறொன்றாகப் பாவிக்கும் விளையாட்டு, எழுத்துக்கு முன்னோடி என்பது சோவியத் உளவியலாளர் வைகோத்ஸ்கியின் கருத்து. அந்நாட்டு உளவியலாளர் மனுயிலென்கோ 1948இல் வெளியிட்ட சோதனையில், அசையாமல் நில் என்று சொன்னபோது நின்றதைவிட, காவலாளி வேடம் கொடுத்தபோது மழலையர் நெடுநேரம் நின்றார்கள். அடக்கம் வேண்டுமென்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கோபி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மணி, பழைய சோதனை ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் குழுவினரும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வு, படைப்பாற்றலும் அறிவுத்திறனும் பாவனை விளையாட்டால் வளர்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மொழிக்கும் கதை சொல்லலுக்கும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டுக்கும் அது உதவக்கூடும் என்பதற்குமேல் அந்த மதிப்பாய்வு போகவில்லை. பல சோதனைகளில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார். பலன் விளையாட்டால் வந்ததா, அந்தப் பேச்சால் வந்ததா? 1907இல் ரோமில் பள்ளி தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரும் பொம்மைச் சாமானைவிட உண்மையான வேலையையே பிள்ளைகள் விரும்பக் கண்டார். நிஜத் தராசைக் கொடுத்து மஞ்சள் கிழங்கை நிறுக்கச் சொன்னால் போயிற்று, பாவனை எதற்கு?

காங்கேயம் அங்கன்வாடி டீச்சர்:
தராசைத் தாராளமாகக் கொடுங்கள் ஐயா. அதோடு வாங்குபவரும் விற்பவரும் இருந்தால்தானே “போன வாரம் இந்த விலை இல்லையே” என்ற பேரம் பிறக்கும்? நீண்ட வாக்கியங்கள் அங்கேதான் வருகின்றன; ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பொருத்தமாக மறுமொழி தேட வேண்டியிருக்கிறது. பெரியவரின் பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது என் பக்கத்து வாதம். டீச்சர் வாடிக்கையாளராக உள்ளே போய், “பில் போடாமல் பணம் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பில் எழுதும் வேலையைப் பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மூலையில் சாமானைப் பரப்பிவிட்டு டீச்சர் வருகைப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தால் அது வெறும் பொழுதுபோக்குதான்.

கோபி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அப்படியானால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரே ஆசிரியை, அறை நிறையப் பிள்ளைகள். வாடிக்கையாளராக அவர் எத்தனை மூலைக்குப் போவார்? 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் செயல்வழியாகக் கற்பிக்கிறார்கள், ஆனால் அங்கே எந்தச் செயலுக்கு எந்தப் பாடம் என்று ஆசிரியர் கையேடு சொல்கிறது. தனியார் நர்சரியில் கேட்பாரில்லை.

திருப்பூர்த் தந்தை:
இருவருக்கும் நன்றிங்க. சம்பளச் சீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், அந்த நேரத்தில் டீச்சர் எங்கே இருக்கிறார், அந்தச் சீட்டுகளை யாராவது எடுத்து வைக்கிறார்களா என்று கேட்கப் போகிறேன். எழுத்துப் பயிற்சிக்குத் தனியாக அரை மணி நேரமும் கேட்பேன். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.