புதுப்பிப்பு: கறுப்புக் காரின் கீறலும் இரண்டு செயற்கை மெழுகும்

கறுப்புக் காரில் வெயில் பட்டதும் சிலந்தி வலை போலத் தெரியும் வட்டக் கீறல்களை எந்தச் செயற்கை மெழுகு மறைக்கும் என்று ஆறு கிழமைக்கு முன்னர் கேட்டிருந்தேன் அல்லவா, பூசிப் பார்த்துவிட்டேன்.

பொனற்றின் நடுவே டேப் ஒட்டி, இடப்பக்கம் வெறும் பொலிமர் சீலன்ட் (பெயின்டின் மேல் படலமாகப் பிடிக்கும் செயற்கை மெழுகு), வலப்பக்கம் கொஞ்சம் பொலிஷ் கலந்த கிளீனர் வக்ஸ். சீலன்ட் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது, ஆனால் இரவில் டோர்ச் அடித்தால் ஒரு கீறல்கூடக் குறையவில்லை. வலப்பக்கம் கீறலுக்குள் எண்ணெயும் நிரப்பியும் இறங்கி விளிம்பை மழுக்கியதால் முதல் இரண்டு கிழமை அருமை. அப்புறம் நாலு தரம் கழுவியதும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. உப்புவெளிக் கடற்காற்று வேறு. சீலன்ட் பக்கத்தில் மட்டும் தண்ணீர் இன்னும் முத்து முத்தாக உருளுகிறது.

சீலன்டுக்கு மேல் கார்னோபா (ஒருவகைப் பனை இலையில் இருந்து எடுக்கும் இயற்கை மெழுகு) போடச் சொன்ன அண்ணைக்கு நன்றி, கறுப்பு இன்னும் கருமையாகத் தெரிகிறது. மாற்றிப் போடாதீர்கள், மெழுகுக்கு மேல் சீலன்ட் பிடிக்காது.

கீறல் வந்த காரணமும் பிடிபட்டது, வெட்கமாக இருக்கிறது: மணல் ஒட்டிய காரை நான் உலர்ந்த பழைய சாரத்துண்டால் துடைத்து வந்திருக்கிறேன். கீறல் இருப்பது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில், அதைச் சன்னமாகத் தேய்த்தெடுக்காமல் போகாதாம். சரி, மச்சானிடம் பொலிஷ் மெஷின் இருக்கிறது, ஞாயிறு பொனற்றில் மட்டும் தொடங்குகிறேன்.