கிளம்பும்போது நாயைக் கொஞ்சலாமா, கூடாதா?

மாடிவீட்டு மீனா:
நேற்று இன்னொரு இழையில் நாட்டுநாய் நண்பன் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். தனியாக விட்டால் நாய் அழுவதற்கு ஒரே காரணம் கிளம்பும்போது நாம் கொஞ்சுவதுதானாம், சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனால் ஒரே வாரத்தில் சரியாகிவிடுமாம். எங்கள் பீகிள் நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாலே மூச்சிரைக்க ஆரம்பித்துவிடும். கதவின் உள்பக்கம் கீழே ஒரு சாண் அளவுக்கு பிளைவுட் தெரிகிறது, திரும்பி வந்தால் வாசல் டைல்ஸில் எச்சில் குளம். இதெல்லாம் நான் தலையைத் தடவியதால் வந்ததா? இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தடவிக்கொடுத்துவிட்டுப் போனால் நாய்கள் கூடுதல் நேரம் அமைதியாகக் காத்திருந்தன, இதயத்துடிப்பும் நன்றாகக் குறைந்தது. படித்துவிட்டுப் பேசுங்கள்.

நாட்டுநாய் நண்பன்:
படித்தேன் அம்மா. நீங்கள் படித்தீர்களா? மொத்தமே பத்து நாய். ஆள் வெளியே நின்றது மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் எங்கள் ஊரில் டீ கூட ஆறாது. அதிலும் அந்தப் பத்தும் தனியாக விட்டால் தொல்லை தராத நாய்கள். காய்ச்சலே இல்லாதவனுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு காய்ச்சல் போய்விட்டது என்கிறீர்கள்.

மாடிவீட்டு மீனா:
சரி, என்னிடம் பத்து நாய். உங்களிடம் எத்தனை? உங்கள் ‘திரும்பிப் பார்க்காதே’ வைத்தியத்தை எந்த ஊரில், எந்த நாயை வைத்துப் பார்த்தார்கள்?

கால்நடை மாணவி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அது பதற்றமா, வெறும் சலிப்பா என்று பார்க்க வேண்டும். போனைச் சார்ஜில் போட்டு வீடியோ ஓடவிட்டுப் போங்கள். பதற்றம் என்றால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். சலிப்பு என்றால் ஒரு தூக்கம் போட்டு எழுந்து சோபாவைக் கடிக்கும். மீனா அக்கா, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் சும்மா உட்கார்ந்து டிவி பாருங்கள். தினமும் செய்தால் ஹெல்மெட்டுக்கு அர்த்தம் போய்விடும். அப்புறம் கதவுக்கு வெளியே சில விநாடி, அது பதறுவதற்கு முன்பே உள்ளே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கடித்து வைத்ததற்கு அடித்தால் பதற்றம் கூடத்தான் செய்யும். முற்றிப் போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே ஃபுளுவாக்செடின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கொடுத்தார்கள். பயிற்சியோடு சேர்த்துத்தான், தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

நாட்டுநாய் நண்பன்:
பத்து நாய்க்கே இன்னும் பதில் வரவில்லை, அதற்குள் மாத்திரையா! தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய்கள்தான் இருக்கின்றன. ஒன்றாவது ஹெல்மெட்டைப் பார்த்து அழுததா? வெளிநாட்டு நாயை வாங்கி ஃபிளாட்டில் பூட்டிவிட்டு இத்தாலிக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இப்படித்தான்.

வேளச்சேரி வாசு:
உங்கள் வீட்டில் தோட்டமும் எப்போதும் நாலு ஆளும் இருந்தால் எந்த நாய் அழும் சார்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 2020 ஊரடங்கில் வாங்கிய லேப்ரடார், ஆளில்லாத வீட்டையே பார்க்காமல் வளர்ந்தது, அலுவலகம் திறந்ததும் ஊளையிட ஆரம்பித்தது. கூண்டில் அடைத்தால் பழகிவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியதை நம்பி அடைத்தோம். கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடைந்ததுதான் மிச்சம். எழுதியவர் பெயரைத் தேடிப் பாருங்கள், நாட்டுநாய் நண்பன் என்றுதான் வரும்.

நாட்டுநாய் நண்பன்:
நான் சொன்னது கதவு திறந்திருக்கும் கூண்டு, உள்ளே சோறு வைத்துப் பழக்கச் சொன்னேன். நீங்கள் பூட்டிவிட்டு ஆபீஸ் போனதற்கு நானா பொறுப்பு? பேச்சை மாற்ற வேண்டாம். பத்து நாய், மூன்று நிமிடம். அதற்குப் பதில்?

சி பிளாக் செயலாளர்:
கொஞ்சுங்கள், கொஞ்சாமல் போங்கள், அது உங்கள் பாடு. பகல் முழுக்கக் குரைப்பைக் கேட்பது அடுத்த வீட்டில் படுத்திருக்கும் வயதானவர்கள். அடுத்த பொதுக்குழுவில் எங்கள் குடியிருப்பில் நாய்க்கே தடை கொண்டு வரப்போகிறோம்.

மாடிவீட்டு மீனா:
கொண்டு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து கை தூக்கினாலும் தடை போட முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டவும் முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு நகல் தரட்டுமா?

பூனைக்கார பாஸ்கர்:
இதற்குத்தான் பூனை வளர்க்கச் சொல்கிறேன். நீங்கள் போனதே அதற்குத் தெரியாது.

கால்நடை மாணவி:
பூனைக்கும் வரும் சார். நீங்கள் இல்லாதபோது உங்கள் படுக்கையில் சிறுநீர் கழிக்கும், திமிர் என்று நினைத்துக்கொள்வீர்கள். மீனா அக்கா, வீடியோ எடுத்தீர்களா?

மாடிவீட்டு மீனா:
எடுக்கிறேன் மா. முதலில் இவர் எத்தனை நாயை வைத்துப் பார்த்தார் என்று சொல்லட்டும்.

நாட்டுநாய் நண்பன்:
பத்துக்கு மேல். போதுமா? வளர்த்துப் பார்த்தவன் சொன்னால் எடுபடாது, பீசாவில் சொன்னால் கைதட்டுவீர்கள். ஆய்வில் மூன்று நிமிடம், உங்கள் ஆபீஸ் ஒன்பது மணி நேரம். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

வேளச்சேரி வாசு:
கணக்கா? என் மச்சானுக்கு விற்ற சிப்பிப்பாறைக் குட்டிக்கு கென்னல் கிளப் சான்றிதழ் அடுத்த வாரம் வரும் என்றீர்களே, அந்தக் கணக்கையும் இங்கேயே எழுதட்டுமா?

நாட்டுநாய் நண்பன்:
தாராளமாக எழுதுங்கள். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்கு உங்கள் மச்சான் போனையே எடுக்காமல் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.