புதுப்பிப்பு: தலைக்காயத்துக்குப் பிறகு எனக்குப் பொருந்திய ஹெல்மெட்

சைக்கிளிலிருந்து விழுந்து பின்தலையில் தையல் போட்ட பிறகு, எந்த ஹெல்மெட் போட்டாலும் அரை மணி நேரத்தில் வலிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் மறுபடி தேடினேன்.

பிரச்சினை அளவில் இல்லை, வடிவத்தில். புருவத்துக்குச் சற்று மேலே நாடா வைத்து அளந்தால் 57 செ.மீ. வருகிறது, நான் போட்டுப் பார்த்தவையும் அந்த அளவுதான். ஆனால் என் தலை முன்பின்னாக நீளம், அவையெல்லாம் உருண்டை. நெற்றியில் அழுத்தும், பக்கவாட்டில் விரல் நுழையும். ஆடாமல் இருக்கப் பின்பக்கத் திருகை முறுக்கினால், தலையைப் பின்னாலிருந்து பிடிக்கும் பட்டை நேராகத் தழும்பின் மேல் போய் உட்காரும். அதுதான் வலி.

இப்போது வாங்கியதில் அந்தப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தலாம். ஒரு படி இறக்கினேன், தழும்பைத் தொடவே இல்லை. வாங்குமுன் 20 நிமிடம் கழற்றாமல் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்.

விழுந்தபோது போட்டிருந்த பழைய ஹெல்மெட்டையே போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், தயவுசெய்து. வெளியே சின்னக் கீறல்தான் தெரியும். உள்ளிருக்கும் ஃபோம் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.

நேற்று ஒரு மணி நேரம் ஓட்டினேன். வலி இல்லை.