டேர்ம் பாலிசியில் நாமினி இறந்துபோன அப்பா, தலைமேல் இரண்டு கடன்: என்ன செய்யலாம்?

திருப்பூர் பவர்டேபிள்

வணக்கம். பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு, 2016இல், 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (பாலிசிக் காலத்துக்குள் நான் இறந்தால் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தேன். நாமினி அப்பா. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். பீரோவைச் சுத்தம் செய்தபோதுதான் பாலிசியில் இன்னும் அவர் பெயரே இருப்பது உறைத்தது. இப்போது வீட்டில் அம்மா, மனைவி, ஐந்து வயது மகள். வீட்டுக் கடன் 22 லட்சம் பாக்கி. மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். மெஷின் கடன் 9 லட்சம் என் பெயரில், மச்சான் ஜாமீன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாலிசிப் பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளுமா? மகளை நாமினியாகப் போடலாமா? நாலு நாளாகத் தூக்கமில்லை.

காப்பீட்டு முகவர், கரூர்

தம்பி, முதலில் நாமினியை மாற்றுங்கள். ஒரு படிவம்தான், இந்த வாரமே முடியும். மகள் மைனர் என்பதால், அவளைப் போட்டால் அவள் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவரை அப்பாயின்டியாகக் காட்ட வேண்டும். மனைவியைப் போடுவது எளிது. அம்மாவுக்கும் பங்கு தர நினைத்தால் இரண்டு பேரையும் போட்டுச் சதவீதம் எழுதலாம்.

ஈரோட்டு அக்கா

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீங்க. என் வீட்டுக்காரர் பாலிசியில் நாமினி அவருடைய அப்பா. மாமனார் முன்னாடியே காலமாகிவிட்டார், யாரும் நாமினியை மாற்றவில்லை. வீட்டுக்காரர் தவறிய பிறகு, தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழோடு போனேன். நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். பதினான்கு மாதம் அலைந்தேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்பதால் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் மகனைப் பறிகொடுத்த அம்மாவைக் கோர்ட்டுப் படியேற வைத்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

கடனைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கடனும் வேறு வேறு. மெஷின் கடன் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால், நீங்கள் விட்டுச்செல்லும் சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகளுக்குப் பொறுப்பு. ஆனால் மச்சான் தப்ப முடியாது. ஜாமீன்தாரரை வங்கி நேராகவே கேட்கலாம். வீட்டுக் கடனில் மனைவியே கடனாளி. நாமினி யாராக இருந்தாலும் அந்த 22 லட்சம் அவர் தலையில்தான் விழும்.

திருப்பூர் பவர்டேபிள்

நன்றி ஐயா. அப்படியானால் நாமினி பெயரை மாற்றினால் மட்டும் பணம் பத்திரமாக இருக்குமா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

முழுதாகச் சொல்ல முடியாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கே என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தம் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்கிறது. அதன் பிறகும் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. அதனால் ஓர் உயிலும் எழுதி வையுங்கள். பாலிசியை எந்தக் கடனுக்காவது வங்கிக்கு அசைன் செய்திருக்கிறீர்களா (உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா) என்றும் பாருங்கள். செய்திருந்தால் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

காப்பீட்டு முகவர், கரூர்

இன்னொரு வழியும் உண்டு. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 6ஆம் பிரிவு. அதன்கீழ் மனைவி, மகள் பேரில் எடுக்கும் பாலிசி தனி டிரஸ்ட் மாதிரி. உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது, அவர்களை ஏமாற்றும் நோக்கத்தில் எடுத்திருந்தால் தவிர. ஆனால் விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டும். உங்கள் 2016 பாலிசியில் இப்போது சேர்க்க முடியாது. அதை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை இந்தச் சட்டத்தின்கீழ் எடுங்கள். ஒன்று கவனம்: மனைவி தானே கையெழுத்திட்ட கடனுக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது. அந்த 22 லட்சத்தையும் கணக்கில் சேர்த்தே தொகையைத் தீர்மானியுங்கள்.

திருப்பூர் பவர்டேபிள்

இன்று காலை படிவம் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு 70, அம்மாவுக்கு 30. பாலிசி எந்த வங்கியிலும் அடகில் இல்லை. புது பாலிசிக்கு அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை. மச்சானுக்கு மெஷின் கடன் விவரம் முழுதாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.