கோடித் துணி பருத்தியாக இருக்கட்டும்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தில் இடுகாட்டுச் சீரமைப்புக்குப் பணம் திரட்டும் பேச்சு வந்திருப்பதால் எழுதுகிறேன். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரி. குழிகளைச் சிமெண்டால் கட்டும் யோசனை மட்டும் வேண்டாம்.

பொங்கலுக்கு இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்திருந்தபோதுதான் பெரியப்பா தவறினார். குழி வெட்டும் இடத்தில் நின்றிருந்தேன். பக்கத்துக் குழியின் ஓரம் சரிந்து ஒரு சேலை வெளியே வந்தது. அங்கே அடக்கம் செய்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். பாலியெஸ்டர். மண்ணைத் தட்டியதும் ஊதா நிறம் அப்படியே தெரிந்தது. கூடவே மாலையின் நைலான் நூலும் ஜிகினாவும். "இப்ப எங்க தோண்டினாலும் இதுதான் வருது தம்பி" என்றார் குழி வெட்டிய அண்ணன். அன்று உறவுகள் போர்த்தி, பெரியப்பாவோடு மண்ணுக்குள் போன கோடித் துணிகளிலும் முக்கால்வாசி பாலியெஸ்டர்தான். நான் வாங்கிப் போட்டதும் அதே.

அப்பத்தா காலத்தில் மூங்கில் பாடை, பருத்திக் கோடி, வாழைநாரில் கட்டிய மாலை. எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும். இங்கே இங்கிலாந்தில் அதைத்தான் இப்போது தேடிப் போகிறார்கள். 1993-இல் கார்லைல் நகர இடுகாட்டில் கென் வெஸ்ட் என்ற அதிகாரி மரக்காட்டு அடக்கத்தைத் தொடங்கி வைத்தார். உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவதில்லை. பிரம்புப் பெட்டி அல்லது வெறும் துணி, கல்லறைக்குப் பதில் ஒரு மரக்கன்று. நான் போய்ப் பார்த்த ஒரு காட்டில் குழியும் நாலடிதான். மேல்மண்ணில்தான் காற்றும் புழுவும் இருக்கும், உடல் சீக்கிரம் மட்கும் என்றார்கள். சிமெண்ட் வைத்தால் அந்த மண்ணே உடலைத் தொடாது.

இன்னொன்று. வெளிநாட்டில் இறந்தவரை விமானத்தில் அனுப்ப, உடலில் ஃபார்மலின் என்ற அந்த மருந்தை ஏற்றிப் பெரும்பாலும் துத்தநாகத் தகடு வைத்த பெட்டியில் அடைக்கிறார்கள். அதுவும் கடைசியில் நம் மண்ணுக்குத்தான் வருகிறது. முகம் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் தெரியும், யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. என் வரையில், இங்கேயே அந்தக் காட்டில் வைத்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

சங்கத்திடம் கேட்பது இதுதான். திரட்டும் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பருத்தி வேட்டி, சேலை வாங்கி ஊர்ச் சாவடியில் வைப்போம். இழவுக்கு வருகிறவர்கள் காசு கொடுத்து அங்கேயே கோடி எடுத்துக்கொள்ளட்டும். அவசரத்தில் கடைக்கு ஓடினால் கையில் கிடைப்பதைத்தானே வாங்குவோம்? பூக்கடை அண்ணனிடமும் கேட்டேன். வாழைநாரில் கட்டித் தரத் தயார், நார் நனைய ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும் என்றார்.