ஷிஞ்சுவில் கரி பற்றவைத்த இரவு

முனைவர் படிப்புக்காகத் தைவானின் ஷிஞ்சு நகரத்துக்கு நான் வந்தது 2023 செப்டம்பர் தொடக்கத்தில். முதல் மூன்று வாரம் லேபில் யாரோடும் ஒட்டவே முடியவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. தினமும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நான் சைவம். எந்தக் கிண்ணத்தில் என்ன கிடக்குமோ என்ற பயத்தில் "நீங்கள் போங்கள்" என்று சொல்லிவிட்டு, தனியே சைவக் கடைக்குப் போய்விடுவேன். இங்கே அதற்குப் பஞ்சமில்லை. பலகையில் 'சூ' என்ற எழுத்து இருந்தால் சைவம். வேண்டியதைத் தட்டில் எடுத்து வைத்தால் எடை போட்டுக் காசு சொல்வார்கள். பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

செப்டம்பர் 29, நம் புரட்டாசிப் பௌர்ணமி. இங்கே அது நிலா விழா. அன்றைக்குத் தெருவோரம், மொட்டை மாடி என்று எங்கே பார்த்தாலும் கரி அடுப்பு வைத்துச் சுட்டுச் சாப்பிடுவார்கள். பழங்காலத்து வழக்கம் என்று நினைத்தேன், 1980-களில்தான் பரவியதாம். எங்கள் லேபிலும் ஏற்பாடு செய்திருந்தார்கள். தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன்.

அடுப்பு பற்றவில்லை. ஷிஞ்சுவுக்குக் 'காற்று நகரம்' என்றே பெயர். லைட்டரின் சுடர் நிற்கவே இல்லை. நான்கு பேர் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். என் அப்பா இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். பள்ளிக்கூட நாட்களில் விடிகாலையில் பெட்டிக்குக் கரி பற்றவைப்பது என் வேலை. அதனால் கை தானாகப் போய்விட்டது. நெருக்கி அடைத்திருந்த கரியை எல்லாம் வெளியே எடுத்து, சின்னத் துண்டுகளைக் கூம்பாக அடுக்கி, அடியில் காற்று போக வழி விட்டேன். காற்றடிக்கும் பக்கம் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் கனல் பிடித்துவிட்டது.

அப்புறம் அடுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். அடுப்படியில் நிற்பவனிடம் எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். வெந்துவிட்டதா, இதைத் திருப்பட்டுமா, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டுப் பேச்சு வளர்ந்தது. எனக்கு அப்போது தெரிந்த சீனம் இருபது சொல் இருக்கும். அதுவே போதுமாக இருந்தது.

மூத்த மாணவி ஒருவர் (இவர்களை 'ஷுவேஜியே' என்று கூப்பிட வேண்டும், படிப்பில் அக்கா என்ற மாதிரி) பையிலிருந்து புதுக் கம்பிவலை ஒன்றை எடுத்தார். கைப்பிடியில் டேப் ஒட்டி 'சூ' என்று எழுதியிருந்தது. எனக்காகத் தனியாக வாங்கி வந்திருக்கிறார். கூடவே தடித்த காளான், குடைமிளகாய், தோலோடு சுடும் நீர்மூங்கில் தண்டு. மூன்று வாரமாக நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசியில் பம்பளிமாஸ் உரித்து, அந்தத் தோலைத் தொப்பியாக என் தலையில் கவிழ்த்தார்கள். சின்னக் குழந்தைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்களாம்.

நாட்டுக்கொரு மேசை போட்டு உணவு வைக்கும் விழாக்களிலும் நான் நின்றிருக்கிறேன். வருகிறவர்கள் ருசி பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள்; அடுப்படியில் வளர்ந்த மாதிரிப் பேச்சு அங்கே வளராது. வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது அழைத்தால் விருந்தாளியாக உட்காராதீர்கள். நறுக்கவோ விசிறவோ ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு மதியம் நானும் அவர்களோடு போக ஆரம்பித்தேன். ஷுவேஜியே என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது தைவான் மொழியில் "ஜியா பா புவே?" அதாவது, "சாப்பிட்டாச்சா?" ஊருக்குப் போன் போட்டால் அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஷிஞ்சுவின் பெருமை, காற்றில் உலர்த்திய அரிசி நூடுல்ஸ். பார்த்தால் நம் சேவையேதான். சோள மாவு கலந்ததும் விற்பார்கள்; முழு அரிசியில் செய்ததைக் கேட்டு வாங்கி, எலுமிச்சை பிழிந்து தாளித்து லேபுக்குக் கொண்டுபோனேன். டப்பா காலியானதும் ஷுவேஜியே அடியில் ஒட்டியிருந்த கடுகை விரலால் தொட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என்னிடம் இருந்ததில் பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.