பக்க இணைப்புக்கு மாத்து: 'பொதுமுனை இணைப்பு' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

மின்சுற்றுக்கான தமிழ்ச் சொற்கள்ல, தொடரிணைப்பு (series connection) பத்தி நமக்குள்ள கருத்து வேறுபாடே இல்ல. கரண்டுக்கு ஒரே வழிதான், ஒரு பல்பு வழியா போனதுதான் அடுத்த பல்புக்கும் போகுது, சொல்லும் அதையே சொல்லுது. எனக்கு உறுத்தறது பக்க இணைப்புதான் (parallel connection, அதாவது ஒவ்வொரு பல்பையும் தனித்தனியா அதே ரெண்டு முனைக்கு நடுவுல சேர்க்கறது). பாடம் சொல்லிக்குடுக்கறப்ப ஒரு பொண்ணு ஒரே கம்பியில ரெண்டு பல்பை பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு, கீழ 'பக்க இணைப்பு'ன்னு அழகா எழுதி நீட்டினா. படத்துல இருந்தது சுத்தமான தொடரிணைப்பு. அந்தச் சொல்லை நம்பித்தான் அவ வரைஞ்சிருக்கா, தப்பு சொல்லு மேலதான்.

இலங்கைப் பாடநூல்ல இதுக்கு வர்ற சமாந்தரமும் (இணைகோடு மாதிரி) வடிவத்தைத்தான் பிடிச்சுக்குது, கம்பி எப்படி வளைஞ்சு நெளிஞ்சு போனாலும் இணைப்பு மாறாதே. 'இணை இணைப்பு' வாயிலயே நிக்கல.

போன மடல்ல நான் 'கிளையிணைப்பு'ன்னு சொன்னேன், அதுக்கு நண்பர் ஒருத்தர், ஆறு ரெண்டா பிரிஞ்சா ஒவ்வொரு கிளையிலயும் தண்ணி குறையுமே, பசங்க அப்படித்தானே நினைப்பாங்கன்னு கேட்டார். யோசிச்சுப் பாத்தேன், அவர் சொன்னதுதான் சரி. 230 வோல்ட்ல 60 வாட் பல்பு ஒண்ணு சுமார் 0.26 ஆம்பியர் எடுக்கும், இன்னொண்ணை பக்க இணைப்புல சேர்த்தா மொத்தம் 0.52 ஆகுமே தவிர முதல் பல்போட பங்கு குறையாது, வெளிச்சமும் குறையாது (பழைய பேட்டரியில லேசா மங்கும், அது பேட்டரிக்குள்ளயே இருக்கற தடையால). அதனால கிளையை நானே விட்டுடறேன்.

இப்ப என் மனசுல இருக்கறது பொதுமுனை இணைப்பு. எல்லா பல்புக்கும் ரெண்டு முனையும் பொது, அப்ப வோல்டேஜும் ஒண்ணுதான்.

40 வாட், 100 வாட் குண்டு பல்பு (மின்னிழை உள்ளது) ரெண்டை எடுத்துக்குங்க. பொதுமுனையில 100தான் பளிச்னு எரியும். அதே ரெண்டையும் தொடர்ல போட்டா 40 நல்லா எரியுது, 100 வெறும் செவப்பா கனன்னுட்டு நிக்குது, முதல் தடவை பாக்கறவங்க பல்பு கெட்டுப்போச்சுன்னே நினைப்பாங்க. கரண்ட் ஒண்ணுங்கறதால தடை அதிகமா உள்ளதுக்குத்தான் பவர் அதிகம். 40 வாட்டோட தடை சுமார் 1320 ஓம், 100 வாட்டோடது 529. அதை வெச்சு கணக்குப் போட்டா 40க்கு 20 வாட் கிட்ட, 100க்கு 8 வாட் கிட்ட. நிஜத்துல 100 வாட்டோட மின்னிழை சரியா சூடேறாம அதோட தடை இன்னும் இறங்கும், வித்தியாசம் கூடத்தான் செய்யும். இதை விளக்கறப்ப எது பொதுன்னு சொல்லே காட்டிக்குடுக்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

தொடர்லயும் ரெண்டு பல்புக்கு நடுவுல ஒரு முனை பொதுதானேன்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். 'இருமுனைப் பொது இணைப்பு'ன்னு நீட்டினா அது சரியாயிடும், ஆனா பேசறப்ப யாரும் அவ்வளவு நீளமா சொல்லமாட்டாங்க. அதனால சொல்லு பொதுமுனை இணைப்பாவே இருக்கட்டும், 'ரெண்டு முனையும்'ங்கறதை விளக்கத்துல முதல் வரியா வெச்சுடலாம், பக்க இணைப்பை பழைய வழக்குன்னு கூடவே குறிச்சுடலாம். இதைவிடச் சின்னதா யாருக்காவது தோணுச்சுன்னா எழுதுங்க.